முதல் வீடு: தேர்வும் தெளிவும்

நுழையும்முன்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது தமிழ் மக்களின் பட்டறிவில் விளைந்த பழமொழி. வாழ்நாளில் பெரும்பாலோர் ஒரே ஒருமுறை செய்யும் மிகப்பெரிய செலவு வீடு வாங்குவதுதான். பல ஆண்டுச் சேமிப்பும் வருங்கால வருமானமும் ஒரே கையொப்பத்தில் கைமாறுகின்றன. ஆயினும், துணி வாங்கும்போது காட்டும் கவனத்தைக்கூட வீடு வாங்கும்போது பலர் காட்டுவதில்லை. தேவை, வரவு, இடம், ஆவணம் ஆகிய நான்கையும் முறையாக ஆராய்ந்து முதல் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லில் இருந்து தாளுக்கு

நிலத்தை விற்பதையும் வாங்குவதையும் எழுத்தில் பதியும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை பற்றிய செய்திகள் மிகுதியாக உள்ளன. விற்றவர், வாங்கியவர், நிலத்தின் பரப்பு, விலை, நான்கு எல்லைகள் ஆகியவை அவற்றில் தெளிவாகக் குறிக்கப்பட்டன. இன்றைய பத்திரத்தின் இறுதியில் இடம்பெறும் சொத்து விவரத்திலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு எல்லைகள் எழுதப்படுகின்றன. ‘எந்த நிலம், எவ்வளவு நிலம், யாருடைய நிலம்’ என்னும் மூன்று வினாக்களும் ஆயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. வீடு வாங்குவோர் இம்மூன்றுக்கும் ஐயமற்ற விடை பெற வேண்டும்.

தேவையை அளத்தல்

வீட்டைத் தேடும் முன் தேவையை அளக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், முதியோர் உள்ளனரா, படிக்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்கின்றனர், பணியிடம் எங்குள்ளது என்பனவற்றை முதலில் எழுதிக்கொள்வது நன்று. முழங்கால் வலியுள்ள முதியவருக்கு மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீடு பொருந்தாது. நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் மலிவாகக் கிடைக்கும் வீடு, நாள்தோறும் மூன்று மணி நேரத்தையும் பயணச் செலவையும் விழுங்குமாயின் அது மலிவான வீடாகாது.

‘இன்றியமையாதவை’, ‘இருந்தால் நன்று’ என இரு பட்டியல்களைக் குடும்பத்தினர் அனைவரும் கூடி எழுத வேண்டும். குடிநீர், காற்றோட்டம், கழிவுநீர் வசதி, பேருந்து வசதி போன்றவை முதற்பட்டியலில் இடம்பெறும். அழகிய முகப்பும் பளிங்குத் தரையும் இரண்டாவதில் இடம்பெறும். விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டாம் பட்டியலையே பேசுகின்றன. வாழ்க்கையோ முதற்பட்டியலைச் சார்ந்தே நடைபெறுகிறது.

வரவும் கடனும்

ஒரு குடும்பத்தின் மாத வருமானம் ரூ.54,000 எனக் கொள்வோம். கடன் தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. அவ்வாறாயின், இக்குடும்பம் மாதம் ரூ.18,000 வரை தவணை செலுத்தலாம். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ரூ.20 இலட்சத்தை 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.18,000 ஆகும். இருபது ஆண்டு முடிவில் செலுத்திய மொத்தத் தொகை ஏறக்குறைய ரூ.43 இலட்சம். அசலைவிட வட்டியே மிகுதி. முதல் மாதத் தவணையில் ரூ.15,000 வட்டிக்குச் செல்ல, ஏறத்தாழ ரூ.3,000 மட்டுமே அசலில் கழியும். இதே கடனை 15 ஆண்டுகளில் தீர்த்தால் தவணை ஏறத்தாழ ரூ.20,300 ஆக உயரும். ஆனால், வட்டியில் ஆறரை இலட்சத்திற்கு மேல் மிச்சமாகும். மாறும் வட்டி வீதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டியே செலுத்தினால் வங்கிகள் அதற்குத் தண்டக் கட்டணம் பெறக்கூடாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. எனவே, இடையில் கிடைக்கும் சிறு தொகைகளையும் அசலில் கட்டலாம்.

பலர் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. வீட்டின் விலை ரூ.25 இலட்சம், வங்கிக் கடன் ரூ.20 இலட்சம், கையிருப்பு ரூ.5 இலட்சம் என்றால் கணக்கு சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால், தமிழ்நாட்டில் விற்பனை ஆவணத்திற்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உண்டு. ரூ.25 இலட்சத்திற்கு இவை மட்டும் ரூ.2,25,000 ஆகும். வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் நடைமுறைக் கட்டணம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், சிறு பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் கையில் ஏறத்தாழ ரூ.8 இலட்சம் தேவைப்படும். இந்த இடைவெளியை முன்பே அறியாதவர்கள் கடைசி நேரத்தில் நகையை அடகு வைக்கின்றனர். கூடுதல் வட்டிக்குத் தனிக்கடன் வாங்குகின்றனர். வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே இரு கடன்களுடன் நுழைகின்றனர். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொண்டே வீட்டின் விலையை முடிவு செய்வது அறிவுடைமை. தகுதியான வீடு வரவுக்குள் அமையவில்லையெனில், மேலும் சில ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து சேமிப்பது தோல்வியாகாது.

தெரியுமா?

மலிவு விலையில் குடியிருப்புகளை வழங்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. 1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 2021இல் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

நீர் சொல்லும் செய்தி

தமிழக ஊர்ப்பெயர்கள் நிலத்தின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. ஏரி, தாங்கல், ஏந்தல், குளம், மடு என முடியும் பெயர்கள் நீர் தங்கிய இடங்களைச் சுட்டுகின்றன. சென்னையின் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட பகுதியாகும். ஏரி மறைந்தாலும் நிலத்தின் தாழ்வு மறைவதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையின்போது, அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகளிலும் தாழ்வான பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தது. முதல் வீட்டைத் தவணையில் வாங்கிய பலர், தவணை முடியும் முன்னரே வீட்டுப் பொருள்களை இழந்தனர்.

பெயரில் ‘ஏரி’ இருப்பதாலேயே ஓர் இடத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அங்கே கூடுதலாகச் சில வினாக்களைக் கேட்க வேண்டும். தெருவின் மட்டத்தைவிட வீட்டின் தரை உயரமா, மழைநீர் எத்திசையில் வடிகிறது, அருகிலுள்ள வாய்க்கால் திறந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற கறை தெரிகிறதா என்பதையும் நோக்க வேண்டும். அத்தெருவில் நெடுநாள் வாழும் முதியவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் பேசினால் எந்த விளம்பரமும் கூறாத உண்மைகள் வெளிப்படும். ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை மழையிலும் ஒருமுறை இரவிலும் அவ்விடத்தைப் பார்ப்பது சிறந்தது. கோடையில் நிலத்தடி நீரின் ஆழம், அதன் சுவை, குடிநீர் வரும் நாள்கள் ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும்.

நிலத்தின் தகுதி

விற்பனைக்கு வரும் எல்லா நிலமும் வீடு கட்டுவதற்குரிய நிலமன்று. மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தைச் சார்ந்த அமைப்புகளும் ஒப்புதல் வழங்குகின்றன. ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் சாலையின் அகலம், பூங்காவுக்கான இடம், பொது இடம் ஆகியவை வரைபடத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். ‘ஊராட்சி ஒப்புதல் பெற்றது’ என்னும் சொல்லை மட்டும் நம்பி வயல்களில் பிரிக்கப்பட்ட மனைகளை வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் மிகப் பலர். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, அவர்களின் நிலை கேள்விக்குறியாயிற்று. பின்னர், 2017இல் அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மனை வாங்குவோர் ஒப்புதல் எண்ணைக் கேட்டுப் பெற்று, உரிய அலுவலகத்தில் வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அரசுப் புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், நிபந்தனையுடன் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவற்றை வாங்கினால், பணம் கொடுத்தும் உரிமை கிட்டாது. பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகிய வருவாய்த்துறை ஆவணங்கள் நிலத்தின் வகையையும் புல எண்ணையும் எல்லை அளவுகளையும் காட்டும். பத்திரத்தில் உள்ள பரப்பு, பட்டாவில் உள்ள பரப்பு, நிலத்தில் அளந்த பரப்பு ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்னும் அளவுகள் இருக்கும்; பேச்சில் சென்ட், கிரவுண்டு என்னும் அளவுகள் வழங்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். இவற்றை மாற்றிக் கணக்கிட அறிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

ஆவணங்களைப் படித்தல்

விற்பவருக்குச் சொத்து எவ்வாறு வந்தது என்பதைக் காட்டும் முந்தைய ஆவணம் தாய்ப்பத்திரம் எனப்படும். ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறிய வரலாற்றில் ஒரு கண்ணிகூட விடுபடாதிருக்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெற்றுப் பார்ப்பது வழக்கம். விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எனப் பதிவான நடவடிக்கைகள் அதில் வரிசையாக இருக்கும். எனினும், பதிவு செய்யப்படாத உயிலோ, வாரிசுகளின் உரிமைக் கோரிக்கையோ, வரி நிலுவையோ அதில் தெரியாது. ஆதலால், வில்லங்கச் சான்றில் ஏதுமில்லை என்பது சொத்தில் சிக்கலே இல்லை என்பதற்கு உறுதியாகாது. நகலைக் காட்டி விலை பேசுபவரிடம் மூல ஆவணங்களைக் கேட்க வேண்டும். மூலம் வேறோரிடத்தில் கடனுக்காக வைக்கப்பட்டிருக்கக்கூடும்.

மூதாதையர் சொத்தாயின் எல்லா வாரிசுகளும் கையொப்பமிட்டுள்ளனரா எனக் காண்பது இன்றியமையாதது. இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டத்திருத்தத்தால் வழங்கியது. 2005இல் இந்தியா முழுவதும் அத்தகைய திருத்தம் வந்தது. ‘பெண்களுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அவர்கள் கையொப்பம் தேவையில்லை’ என்னும் வாய்மொழியை நம்பி வாங்கப்பட்ட வீடுகள் நீதிமன்றப் படியேறியதுண்டு. உரிமையுள்ள பெண்ணை விலக்கி வாங்குவது சட்டத்திற்கு மட்டுமன்றி அறத்திற்கும் பொருந்தாது. வயது நிரம்பாதவருக்குப் பங்கிருந்தால் நீதிமன்ற அனுமதி குறித்து வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும். அதிகார ஆவணம் பெற்ற முகவர் விற்பாராயின், அதனை வழங்கிய உரிமையாளர் உயிருடன் உள்ளாரா, அவ்வதிகாரம் நீக்கப்படாமல் உள்ளதா என்றும் உறுதி செய்ய வேண்டும்.

பத்திரங்களின் மொழி பலரை அஞ்ச வைக்கிறது. வடமொழி, அரபு, பாரசீகச் சொற்கள் பல அதில் கலந்துள்ளன. கிரயம் என்பது விற்பனை. விஸ்தீரணம் என்பது பரப்பு. ஷரத்து என்பது நிபந்தனை. தஸ்தாவேஜு என்பது ஆவணம். சுவாதீனம் என்பது கைவசம் வைத்திருத்தல். பொருள் தெரிந்துவிட்டால் அச்சம் அகலும். எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறையினர் வாழும் இல்லங்களில், பெற்றோர் கையொப்பமிடும் ஆவணத்தை வரிவரியாகப் படித்துக்காட்டும் கடமை பிள்ளைகளுக்கு வாய்க்கிறது. பள்ளியில் கற்ற மொழி அங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கிறது.

அடுக்ககத்தில் வீடு

அடுக்குமாடிக் குடியிருப்பில் பரப்பளவு என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. சுவர்களுக்குள் பயன்படுத்தத்தக்க தளப்பரப்பு வேறு. படிக்கட்டு, நடைவழி, மின்தூக்கி ஆகிய பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் பரப்பு வேறு. 1,000 சதுர அடி எனக் கூறப்படும் வீடு, சதுர அடி ரூ.5,000 வீதம் ரூ.50 இலட்சம் ஆகிறது. 900 சதுர அடி எனக் கூறப்படும் மற்றொரு வீடு, சதுர அடி ரூ.5,300 வீதம் ரூ.47,70,000 ஆகிறது. இரண்டிலும் பயன்படு பரப்பு 700 சதுர அடியாயின், முதல் வீட்டில் சதுர அடிக்கு உண்மையில் ஏறத்தாழ ரூ.7,143, இரண்டாவதில் ஏறத்தாழ ரூ.6,814 கொடுக்க நேரிடும். வீதம் கூடுதலாகத் தோன்றிய வீடே மலிவானது என்பது இப்போது புலப்படும்.

அடுக்ககத்தில் வாங்குபவருக்கு நிலத்தில் பிரிபடாத பங்கு ஒன்று உண்டு. கட்டடம் காலத்தால் தேயும். நிலத்தின் பங்கே நிலைத்திருக்கும். அப்பங்கு எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வாங்குவோரின் நலன் காக்க, மனை விற்பனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ அமையும் திட்டங்கள் இதன்கீழ்ப் பதிவு பெற வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் பெறக்கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டை அத்திட்டத்திற்கெனத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். சட்டம் தரும் காப்பு, அதனை அறிந்தவருக்கே பயன்படும்.

ஒப்பந்தமும் பதிவும்

விலை முடிவானபின் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது முறை. மொத்த விலை, முன்பணம், மீதம் செலுத்தும் நாள், வங்கிக் கடன் கிடைக்காவிடில் முன்பணம் திரும்பும் முறை ஆகியன அதில் இடம்பெற வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உண்மை விலையை மறைத்தெழுதுவது குற்றம். அன்றியும், பின்னாளில் வழக்கு வந்தால் கொடுத்த பணத்தை மெய்ப்பிக்க இயலாது. பதிவு முடிந்தபின் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு ஆகிய மூன்றையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால்தான் பணி நிறைவுறும்.

‘இன்றே முன்பணம் தராவிட்டால் நாளை வேறொருவர் வாங்கிவிடுவார்’ என்னும் சொல் வீடு தேடும் ஒவ்வொருவரின் காதிலும் விழும். ஆவணம் சரியாக உள்ள வீடு ஒருவாரக் காலத் தேர்வைத் தாங்கும். தாங்காத வீட்டை இழப்பது இழப்பன்று. பொறுமையாகக் கேட்ட வினாக்களும் கூர்ந்து படித்த வரிகளுமே ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்கும் கூரைக்கு அடித்தளமாகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் ஒன்றில் இடம்பெறும் பிறமொழிச் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எழுதுக.

2. உங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் நீர்நிலையைக் குறிக்கும் இடப்பெயர்களைப் பட்டியலிட்டு, அந்நீர்நிலைகளின் இன்றைய நிலையை வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. தாய்ப்பத்திரம் என்பது யாது?
2. மலிவு விலை வீடு எந்நிலையில் மலிவற்றதாகிறது?

சிறுவினா
1. வில்லங்கச் சான்றின் பயனையும் அதன் வரம்பையும் விளக்குக.
2. நிலம் வாங்கும்போது ஒத்திருக்க வேண்டிய மூன்று பரப்புகள் யாவை? ஏன்?

நெடுவினா
முதன்முறையாக வீடு வாங்கும் குடும்பத்திற்கு நீங்கள் கூறும் அறிவுரைகளை, வரவு, இடம், ஆவணம் ஆகிய தலைப்புகளில் கட்டுரையாக்குக.